இரண்டாவது ஆள்

குழந்தைகளுக்கு அரசு என்ன செலவழிக்கிறது என்று கேட்டால் எங்கள் துறையில் யாரும் தடுமாற மாட்டார்கள். சத்துமாவுக்கு இவ்வளவு, முட்டைக்கு இவ்வளவு, அரிசி பருப்புக்கு இவ்வளவு, சீருடைக்கு இவ்வளவு, சுற்றுச்சுவருக்கு இவ்வளவு என்று கணக்குத் தலைப்பு வாரியாகச் சொல்லிவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தையின் எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்து, கதை சொல்லி, கேள்வி கேட்டு, அது மழலையில் சொல்லும் பதிலைக் காதுகொடுத்துக் கேட்கும் நேரத்துக்கு என்ன செலவழிக்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. அப்படி ஒரு தலைப்பே இல்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் வட்டார அளவில் வேலை பார்த்து, மதிப்பீடு போட்டு, பயனீட்டுச் சான்று அனுப்பிப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கத்திலிருந்து எனக்குப் பிடிபட்ட ஒரு முடிவைத்தான் இங்கே வாதமாக வைக்கிறேன். தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கென்று கூடுதலாக ஒதுக்கும் அடுத்த ரூபாய் கட்டிடத்துக்கோ கருவிக்கோ கைபேசிச் செயலிக்கோ போகக் கூடாது. ஒவ்வொரு முதன்மை அங்கன்வாடி மையத்திலும் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் முன்பருவக் கல்வியை மட்டும் கவனிக்கும் இரண்டாவது பணியாளருக்குப் போக வேண்டும்.

1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் இத்திட்டம் தொடங்கியபோது ஆறு சேவைகளை ஒரே மையத்தில் தருவதென்று வகுத்தார்கள்: இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி. வகுத்தது சரிதான். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. நோயுற்ற பிள்ளைக்குச் சோறு மட்டும் போதாது. ஆனால் ஆறு சேவைகளும் ஒரே பெண்ணின் தலையில் வந்து இறங்கின. இன்று தமிழ்நாட்டில் 49,499 முதன்மை மையங்களும் 4,940 குறு மையங்களுமாக மொத்தம் 54,439 மையங்கள் இருக்கின்றன. முதன்மை மையத்தில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். ஊரார் வாயில் அவர்கள் டீச்சர், ஆயா. ஆயாவின் முற்பகல் அடுப்படியிலும், பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிவருவதிலும், கழுவித் துடைப்பதிலும் போய்விடும். டீச்சருக்கு வருகைப் பதிவு, இருப்புப் பதிவு, எடை, உயரம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு வழங்கல், கிராம சுகாதார செவிலியரோடு தடுப்பூசி நாள், வீடு பார்வை, வட்டாரக் கூட்டம், 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்றம். இவற்றோடு பலருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியும் உண்டு. பக்கத்து மையத்தில் பணியிடம் காலியாக இருந்தால் அதுவும் கூடுதல் பொறுப்பாக வந்து சேரும். 2025-இல் ஒரே ஆணையில் 7,783 காலிப் பணியிடங்களை நிரப்ப அரசு முடிவெடுத்தது என்றால், அதுவரை எத்தனை மையங்கள் இரவல் ஆளால் ஓடின என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதுதான் முன்பருவக் கல்வி. அந்தப் பெண்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. எந்த வேலை இன்றைக்கு நடக்காவிட்டால் நாளைக்கு விளக்கம் கேட்பார்களோ அந்த வேலை முதலில் நடக்கும். எடை பதிவேறாவிட்டால் மேலிருந்து தொலைபேசி வரும். கதை சொல்லாவிட்டால் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பாடம் அல்ல. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முன்னோட்டமாகக் காலூன்றி, பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. அதன் வடிவம் மற்ற மாநிலங்களில் நடந்த திட்டத்திலிருந்து வேறுபட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள்தான் அதன் இலக்கு. சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளருக்குச் சில வேலைகள்தான்: மாதந்தோறும் எடை எடுப்பது, எடை கூடாத குழந்தைக்குக் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு தருவது, தாயோடு உட்கார்ந்து அந்த எடை அட்டையைக் காட்டிப் பேசுவது. மேற்பார்வையாளருக்கும் குறைந்த எண்ணிக்கையிலான மையங்களே ஒப்படைக்கப்பட்டன. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக அத்திட்டத்தின் மதிப்பீடுகள் சொல்லின. இதற்கிடையில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாகக் குழந்தைகள் மையங்களையும் தனிப் பணியாளர்களையும் கொண்டுவந்தது. ஆக, எண்பதுகளில் இந்த மாநிலத்தின் பல கிராமங்களில் கைக்குழந்தைக்கு ஒரு பெண்ணும், ஓடியாடும் பிள்ளைக்கு இன்னொரு பெண்ணும் பொறுப்பாக இருந்தார்கள். ஊட்டச்சத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1997-இல் முடிந்து, எல்லாம் ஒரே தேசியத் திட்டத்தின் கீழ் இணைந்தபோது நிர்வாகம் எளிமையானது. இரண்டு திட்டங்களுக்கு இரண்டு அலுவலகம் வைப்பது வீண் என்பது நியாயம்தான். ஆனால் அந்த இணைப்பில் இரண்டு வேலைகளும் ஒரே ஆளிடம் போனதைச் சிக்கனம் என்று எழுதிக்கொண்டோம். அது குழந்தையின் நேரத்திலிருந்து பிடித்தம் செய்த தொகை.

நான் சொல்வது வெறும் பழைய நினைவின் மீதான பற்று அல்ல என்பதற்கு இங்கேயே, நம் மையங்களிலேயே நடந்த சோதனை இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். மற்ற மையங்களை இருந்தபடியே விட்டார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. புதுக் கட்டிடம் இல்லை, புதுக் கருவி இல்லை. கற்பித்தலுக்குச் செலவான நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, மையத்தில் தொடர்ந்து படித்த பிள்ளைகளின் கணக்குத் திறன் 0.29 திட்டவிலக்கமும் மொழித் திறன் 0.46 திட்டவிலக்கமும் உயர்ந்திருந்தன. கல்வி ஆய்வுகளில் இவை பெரிய எண்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. புதிய ஆள் பாடத்தை எடுத்துக்கொண்டதால் பழைய பணியாளருக்கு உடல்நல வேலைகளுக்கு நேரம் கிடைத்தது. வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் அந்த மையங்களில் குறைந்தன. படிப்புக்கென்று போட்ட பணம் உடம்புக்கும் பலன் தந்திருக்கிறது. செலவைப் போலப் பதின்மூன்று முதல் இருபத்தொரு மடங்கு வரை பலன் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மையத்துக்கு வெளியே எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அளந்தபோது கற்றல் முன்னேற்றம் சிறியதாக இருந்ததையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இதை நான் வலிமையான சான்று என்கிறேன். வேறு நாட்டில், வேறு கூலியில், வேறு உணவில் நடந்த ஆய்வை இங்கே பொருத்திப் பார்க்கும் சிரமம் இதில் இல்லை. நம் டீச்சர், நம் ஆயா, நம் சத்துமாவு, நம் பிள்ளைகள்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடக்கவில்லை என்பதற்கு விடை நிதி வரும் வழியில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொதுச் செலவுகளில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்றும், இணை உணவில் பாதிக்குப் பாதி என்றும் பங்கீடு. ஆனால் எதன் அறுபது விழுக்காடு என்பதுதான் கேள்வி. பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய் மதிப்பூதியம் என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு நிர்ணயித்தது. அதில் 60 விழுக்காடு 2,700 ரூபாய். தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. 2017 ஊதியத் திருத்தத்தில் அது 7,700 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. எனவே பணியாளரை ஓரளவு கௌரவமாக நடத்த முடிவெடுக்கும் மாநிலம், அந்த முடிவின் முழுச் சுமையையும் தானே தாங்க வேண்டும். ஆண்டுதோறும் அகவிலைப்படி ஏறும். மத்தியப் பங்கு அசையாது. உணவுக்கும் இதே கதை. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்ற 2017-ஆம் ஆண்டு அளவுகோல், பருப்பும் எண்ணெயும் விலை ஏறியபோதும் பல ஆண்டுகள் நகரவில்லை. பதினான்காவது நிதிக்குழு வரிப் பகிர்வை 32-லிருந்து 42 விழுக்காடாக உயர்த்தியதைக் காரணம் காட்டி, 2015-16 வரவு செலவுத் திட்டத்தில் இத்திட்டத்துக்கான மத்திய ஒதுக்கீட்டைத் தொடக்கத்தில் பாதிக்கும் கீழே இறக்கினார்கள். பிறகு ஆண்டின் நடுவே ஏற்றினார்கள். மேலே நடந்த அந்த ஏற்ற இறக்கம் கீழே வட்டாரத்தில் தாமதமாகும் தவணையாகவும் சம்பளத்துக்குக் காத்திருக்கும் வாரங்களாகவும் வந்து சேர்ந்தது. இந்த நிலையில் நிதித்துறை புதிய பணியிடம் என்றாலே தயங்குவதை நான் புரிந்துகொள்கிறேன். கட்டிடம் ஒருமுறைச் செலவு. ஊரக வேலைத் திட்டத்தோடு இணைத்து 12 லட்சம் ரூபாய்க்கு மையம் கட்ட ஏற்பாடே வந்தது. ஆள் என்றால் முப்பது ஆண்டுச் செலவு. ஆனால் குழந்தைக்குப் பயன் தருவது அந்த முப்பது ஆண்டுச் செலவுதான்.

தொகையைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது பணியாளருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 49,499 முதன்மை மையங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 594 கோடி ரூபாய் ஆகும். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. பள்ளிக்கென்று செலவழிக்கும் நூறு ரூபாயோடு ஒன்றேகால் ரூபாயைச் சேர்த்தால், அந்தப் பள்ளிக்கு வரப்போகும் பிள்ளைகளைத் தயார்செய்துவிடலாம். சோதனையில் அமர்த்தியவர் அரை நாள் பணியாளர், சம்பளமும் குறைவு. நீங்கள் கூட்டிக் கேட்கிறீர்களே என்று சொல்லலாம். கூட்டித்தான் கேட்கிறேன். குறைந்த சம்பளத்தில் ஓராண்டு ஒன்றரை ஆண்டு நடக்கும் சோதனையும் ஆண்டாண்டுக்கும் நடக்க வேண்டிய சேவையும் வேறு வேறு. செலவு இரு மடங்கானாலும், மும்மடங்கே ஆனாலும், மதிப்பிட்ட பலன் செலவைத் தாண்டியே நிற்கும். தன்னார்வலர்களை வைத்துச் செய்யலாமே, இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய்க்குப் பெண்கள் அருமையாகக் கற்பித்தார்களே என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. உண்மை, அருமையாகத்தான் செய்தார்கள். ஆனால் அது பெருந்தொற்றில் விட்டுப்போனதை மீட்க, மாலையில் ஒரு மணி ஒன்றரை மணி நேரம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த வேலை. மூன்று வயதுப் பிள்ளை பாடத்தை நம்பி வருவதில்லை, ஆளை நம்பி வருகிறது. நல்ல வேலை கிடைத்ததும் போய்விடும்படியான தொகையைக் கொடுத்தால் ஆண்டுக்கு ஒரு புதுமுகம் வரும். ஒவ்வொரு முறையும் அழுகையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

எங்கள் துறைக்குள்ளிருந்தே எழும் ஆட்சேபம் ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் கனமானது அதுதான். இரண்டாவது ஆளையும் இதே இயந்திரம் விழுங்கிவிடும், ஆறு மாதத்தில் அவரும் செயலியில் பதிவேற்றிக்கொண்டும் கணக்கெடுப்புக்குப் போய்க்கொண்டும் இருப்பார் என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள், மறுப்பதற்கில்லை. கிராமத்தில் படித்த, பொறுப்பான, அரசாங்கம் கூப்பிட்டால் வரக்கூடிய பெண் யார் என்று தேடும் ஒவ்வொரு துறையும் அங்கன்வாடி வாசலில்தான் வந்து நிற்கிறது. ஆனால் ஊட்டச்சத்துத் திட்டத்தின் எண்பதுகளின் அனுபவம் இதற்கு விடையும் தருகிறது. அங்கே பணியாளரைக் காப்பாற்றியது யாருடைய நல்லெண்ணமும் அல்ல. திட்ட வடிவிலேயே வேலையைக் குறுக்கி எழுதியிருந்தார்கள், அந்தச் சில வேலைகளை அடிக்கடி வந்து பார்க்க மேற்பார்வையாளரும் இருந்தார். இங்கும் பணியிடம் உருவாக்கும் அரசாணையிலேயே கடமை, நேரம், விலக்கு மூன்றையும் எழுத வேண்டும்: காலை மையம் திறந்ததிலிருந்து சாப்பாட்டு வேளை வரை இவர் பிள்ளைகளோடு இருப்பார், பதிவேடும் செயலியும் இவர் பெயரில் இராது, வேறு துறைப் பணிக்கு இவரை எடுக்கக் கூடாது. மேற்பார்வையாளர் மையத்துக்கு வந்தால் இருப்புப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் அரைமணி நேரம் வகுப்பைப் பார்த்து எழுத வேண்டும். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் நம்மிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதன்படி இந்த மாதக் கருப்பொருள் நடந்ததா, பிள்ளைகள் வாய் திறந்து பேசினார்களா என்று கேட்கும் ஒரு பத்தி ஆய்வுப் படிவத்தில் இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பது தானே விளங்கும்.

இதற்கு எதிராகப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து வரும் வாதம், இந்தப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் சேர்த்துவிடலாம் என்பது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் அப்படி வகுப்புகள் தொடங்கினார்கள். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். பெற்றோர் விரும்பினார்கள் என்பது பெரிய செய்தி, அதை மதிக்க வேண்டும். ஆனால் 2022-இல் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிக்குத் திரும்ப அழைத்தபோது வகுப்புகளே ஆட்டம் கண்டன. எதிர்ப்பு எழுந்த பிறகு மாதம் 5,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களை வைத்து அவற்றைத் தொடர்ந்தார்கள். உபரி ஆளைக் கடன் வாங்கி நடத்தும் வகுப்புக்கு உறுதி கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி எழுத்துக்கும் எண்ணுக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது பேச்சும் விளையாட்டும், கூடவே சோறூட்டவும் கழிப்பறைக்குக் கூட்டிப்போகவும் தூங்கவைக்கவும் கை. அது அங்கன்வாடியில் இருக்கிறது. இடமும் முக்கியம். அங்கன்வாடி தெருவுக்குள், குக்கிராமத்துக்குள் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் காலையில் நடந்து வந்து விட்டுப்போகலாம்.

பிறப்பு குறைந்துவருகிறது, தனியார் நர்சரி வேன் ஊர்தோறும் வருகிறது, காலியாகும் மையத்துக்கு எதற்கு இரண்டு பேர் என்பது கணக்கு பார்ப்பவர்கள் கேட்கும் நேரான கேள்வி. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வே சொல்லிவிட்டது. அதன் பிறகும் குறைந்துதான் வருகிறது. மிகச் சிலரே வரும் மையங்களை அருகிலுள்ளதோடு சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மையம் ஏன் காலியாகிறது என்பதையும் கேட்க வேண்டும். மாதம் முழுக்க உழைத்துச் சேர்த்ததில் நர்சரிக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் தாய், சீருடைக்கும் ஷூவுக்கும் மயங்கிக் கட்டுகிறாள் என்று சொல்வது அவளுக்கு இழைக்கும் அநீதி. அங்கே யாரோ பாடம் நடத்துகிறார்கள், இங்கே நடத்துவதாகத் தெரியவில்லை என்று அவள் கண்ணால் பார்த்து முடிவெடுக்கிறாள். அந்த முடிவை மாற்றக்கூடியது மையத்தில் தெரியும் கற்பித்தல் ஒன்றுதான். வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தான் கடைசிவரை மையத்தில் எஞ்சுவார்கள். எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி அவர்களுக்கும் குறைத்துக் கொடுப்பது, இல்லாதவர்களிடமிருந்தே மிச்சம் பிடிப்பது ஆகும். பிறப்பு குறைவதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு செலவழிக்க இதற்கு முன் எந்தத் தலைமுறை அரசுக்கும் வசதி இருந்ததில்லை.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் முடியாது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2015-16-இல் 27.1 விழுக்காடு; 2019-21-இல் 25. நாட்டிலேயே அதிகம் செலவழிக்கும் மாநிலங்களுள் ஒன்றில் நான்கு குழந்தைகளில் ஒன்று இன்னும் குன்றியிருக்கிறது. சத்துமாவு வீட்டுக்குப் போகிறது; அது யார் வயிற்றுக்குப் போகிறது, எத்தனை வேளை, எந்தப் பதத்தில் என்று போய்ப் பார்த்துப் பேச ஆளில்லை. இரண்டாவது பணியாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் முதலாமவர் வாசல் தாண்டிப் போக முடியும். வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று சட்டங்கள் பல வந்தன: 1948 தொழிற்சாலைச் சட்டம், 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பேர் வேலைபார்க்கும் நிறுவனத்துக்கு 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம். வயலிலும் வீட்டு வேலையிலும் சித்தாள் வேலையிலும் இருக்கும் பெண்ணை இவற்றில் எதுவும் எட்டவில்லை. அவளுக்கு அங்கன்வாடிதான் காப்பகமாக முடியும். பால்னா திட்டத்தில் மத்திய அரசும் அங்கன்வாடியோடு காப்பகம் என்ற வடிவத்தை ஏற்றிருக்கிறது. ஒரே டீச்சரை வைத்துக்கொண்டு அதைச் சேர்த்தால் ஏழாவது சேவையாகிப் பதிவேட்டில் மட்டும் நடக்கும்.

சட்டமும் இங்கே தளர்வாகத்தான் பேசுகிறது. ஆறு முதல் பதினான்கு வயதுக்குக் கல்வி அடிப்படை உரிமை; ஆறு வயதுக்குக் கீழே, அரசியலமைப்பின் 86-ஆவது திருத்தத்துக்குப் பின் அதன் 45-ஆம் கூறு அரசுக்கு வழிகாட்டுவதோடு நிற்கிறது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பகுதிநேரச் சேவை என்ற பழைய சாக்கு இனி நிற்காது. மாநிலம் மத்திய அரசின் அளவுகோல் உயரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 1982-இல் அப்படிக் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் அதிகம் வரும், காலிப் பணியிடம் இல்லாத மையங்களில் முதலில் தொடங்கி, மூன்று ஆண்டுகளில் எல்லா முதன்மை மையங்களுக்கும் கொண்டுபோகலாம். அதே ஊராட்சியில் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூனில்தான் மையத்திலும் பெருவாரியாகப் புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். தேர்வுக்கும் பயிற்சிக்கும் நான்கைந்து மாதம் பிடிக்கும் என்பதால், அரசாணை ஜனவரிக்குள் வெளிவந்தால்தான் அந்த ஜூனில் ஆள் இருப்பார்.